பதினாறு சிவப்புக் கோடுகள்

மெய்ட்ஸ்டன், கென்ட்
9 ஜனவரி 1983, ஞாயிறு

அன்புள்ள வில்ஃப் அத்தானுக்கு,

கடிதம் வீட்டுக்கு வராமல் பஸ் டிப்போவுக்கு வந்திருக்கிறதே என்று திகைக்க வேண்டாம். போன் பண்ணினால் அக்காதான் எடுப்பாள். உங்களிடம் பேச வேண்டும் என்று சொன்னால், "அந்த மனுஷன்கிட்ட உனக்கு இன்னும் என்னடா பேச்சு வேண்டிக்கிடக்கு?" என்று ஆரம்பித்துவிடுவாள். மேவிஸின் தம்பியாகப் பிறந்தவன் நான், எனக்குத் தெரியாதா!

நல்ல சேதி ஒன்று. டன்னிங்லி ஊறுகாய்க் கம்பெனி இந்த வருஷமும் என் காருக்கு ஆதரவு தருகிறது. அதுவும் போன வருஷத்து டப்பா இல்லை, புதிய கார், பெரிய இன்ஜின். ஈஸ்டர் திங்கள் அன்று ஸ்கெல்பி மைதானத்தில் முதல் பந்தயம். நிறம் அதே கடுகு மஞ்சள்தான். 'டன்னிங்லி ஊறுகாய்' என்கிற எழுத்தை மட்டும் இன்னும் பெரிசாக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. மற்ற பயல்கள் போன வருஷமே "ஊறுகாய் ஜாடி வருது, வழி விடுங்கடா" என்று கத்துவார்கள். கத்தட்டும். அவர்களுடைய காரில் அவர்களுடைய பெயர்கூட இல்லை.

செப்டம்பரில் நடந்ததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்களை நான் மன்னித்து ரொம்ப நாளாகிறது. மனுஷன் கைதானே, தவறும். மூன்றாவது சுற்றில் என் இடது முன்சக்கரம் கழன்று பறந்ததும், ஓடுபாதை ஓரம் கொடி பிடித்துக்கொண்டிருந்த தபால்காரர் பிண்டருக்குக் கால் போனதும் யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. கிளப் அதிகாரிகள் விசாரித்தபோது "சக்கரம் எல்லாம் நான்தான் இறுக்கினேன்" என்று நீங்களே முன்வந்து சொன்னீர்கள். நானும் உங்களுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன உதவி. டயர் காற்று, கியர் எல்லாம் நீங்கள் குறித்து வைத்திருக்கும் நோட்டு வேண்டும். நட்டின் இறுக்கத்தை அளந்து காட்டும் உங்கள் டார்க் ரெஞ்சும் வேண்டும். இனி அது உங்களுக்குத் தேவைப்படாது அல்லவா?

உங்கள் மைத்துனன்,
கிளைவ்


லவுத், லிங்கன்ஷயர்
23 ஜனவரி 1983

கிளைவ்,

நோட்டு இத்துடன் வருகிறது. ரெஞ்சு வராது.

டிப்போவில் என்னை பிரேக் வேலையிலிருந்து எடுத்து, பஸ் கழுவும் இடத்தில் விட்டிருக்கிறார்கள். தண்டனை இல்லையாம். "கொஞ்ச நாள் அலட்டிக்காம இரு வில்ஃப்" என்றார் மேற்பார்வையாளர். முப்பத்தோரு வருஷம் அங்கே பிரேக் பார்த்தவன் இப்போது குழாயும் கையுமாக நிற்கிறேன். சின்னப் பையன்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றுகிறார்கள்.

வீட்டுக் கதையையும் கேட்டுக்கொள். போன வாரம் உன் அக்கா காரின் டயர் எங்கள் வாசலிலேயே பஞ்சரானது. நான் மாற்றிக்கொடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மாற்றி முடித்ததும் ஏறி, நேராகக் கடைத்தெரு கராஜுக்குப் போய், அந்தச் சக்கரத்தைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்து, "சரியாத்தான் இருக்காம்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கிளைவ். அதுதான் தாங்க முடியவில்லை.

ஞாயிறுதோறும் பிண்டர் வீட்டுக்குப் போய்க் கரி எடுத்து வைக்கிறேன், விறகு பிளக்கிறேன். முதல் நாளே அவர் முன்னால் நின்று, நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டேன். என் வழக்கம் முழுவதையும் அவருக்கு விளக்கினேன். ரெஞ்சு 'டிக்' என்று சொல்லும் வரை ஒவ்வொரு நட்டையும் இறுக்குவேன். டிக் கேட்டதும் நட்டிலிருந்து சக்கரத்துக்கு ஒரு சிவப்புக் கோடு இழுப்பேன், மேவிஸின் நெயில் பாலிஷால். "நான் என்ன நகத்துக்கு வாங்கறேனா, உங்க நட்டுக்கு வாங்கறேனா?" என்று அவள் சத்தம் போட்டதெல்லாம் நீயே கேட்டிருக்கிறாய். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். டிக் கேட்காமல் நான் கோடு போட்டதில்லை. பிண்டர் எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க ஒருத்தராவது வந்தீங்களே" என்றார்.

எனக்கு அன்று நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் பதினாறு டிக் கேட்ட நினைவு இருக்கிறது. பதினாறு கோடு போட்ட நினைவும் இருக்கிறது. ஆனால் சக்கரம் கழன்றது. அப்படியானால் என் நினைவு பொய். நாலு மாதமாக இந்த இடத்திலேயே வந்து நிற்கிறேன். இப்போதெல்லாம் வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறேன்.

ஒரே ஒரு கேள்வி. கோடு போட்டு முடித்துவிட்டு, காகிதங்களில் கையெழுத்துப் போட கிளப் அலுவலகத்துக்குப் போனேன். வரிசை பெரிசு, அரை மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது நீ பந்தய வரிசைக்குப் போய்விட்டாய். அந்த அரை மணியில் யாராவது சக்கரத்தைத் தொட்டார்களா? ஆம், இல்லை, ஒரு சொல் போதும்.

வில்ஃப்


மெய்ட்ஸ்டன்
6 பிப்ரவரி 1983

வில்ஃப் அத்தானுக்கு,

இல்லை. போதுமா?

டன்னிங்லி வந்தார், கை குலுக்கினார், இரண்டு வார்த்தை பேசினார், போனார். அவ்வளவுதான். வேறு என்ன எதிர்பார்க்கிறீர்கள்? ஆகாயத்திலிருந்து ஒருவன் இறங்கி வந்து நட்டைக் கழற்றினானா?

உங்கள் வேதனை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சுமக்க முடியவில்லை என்பதற்காக அதை என் தலையில் இறக்கிவைக்கப் பார்க்காதீர்கள். எனக்கும் பாரம் இருக்கிறது. முப்பத்தாறு வயதில் வாரம் ஐந்து நாள் பெயிண்ட் கடையில் நின்று, "படுக்கையறைக்கு இந்த வெள்ளை நல்லா இருக்குமா, அந்த வெள்ளை நல்லா இருக்குமா" என்று கேட்கிற பெண்களுக்குப் பதில் சொல்கிறேன். சனி, ஞாயிறுதான் நான் ஆளாக இருக்கிறேன். கொடி விழுந்து இருபது கார் ஒரே நேரத்தில் முதல் வளைவுக்குப் பாயும்போது, அதில் ஒன்றில் நான் இருக்கிறேன். அது என்னவென்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எப்போதும் வேலிக்கு அந்தப் பக்கம் டீக் கோப்பையோடு நின்றவர்.

நோட்டு வந்தது, நன்றி. ஏழாம் பக்கத்தில் எழுத்து புரியவில்லை. பின்சக்கரத்துக்குக் காற்று இருபத்து நாலா, இருபத்தாறா?

கிளைவ்


லவுத்
6 மார்ச் 1983

கிளைவ்,

இருபத்து நாலு.

இன்று காலை பிண்டர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு டன்னிங்லி கம்பெனி ஒரு பெட்டி ஊறுகாயும் ஒரு காலண்டரும் அனுப்பியிருக்கிறது, போன காலுக்குப் பதிலாக. ஊறுகாய் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. காலண்டரை மட்டும் அடுப்பங்கரையில் மாட்டியிருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு படம். ஜனவரியில் ஜாடிகள், பிப்ரவரியில் காலிஃபிளவர் தோட்டம், மார்ச்சில் ஆலை வாசல்.

அவர் மனைவி எட்னா என்னிடம் பென்சிலைக் கொடுத்து, "வில்ஃப், ஏப்ரல் பன்னெண்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும், புதுக் காலுக்கு அளவு எடுக்கறாங்க. கொஞ்சம் குறிச்சு வைங்களேன், என் கண்ணாடி எங்க போச்சுன்னே தெரியல" என்றாள்.

ஏப்ரல் பக்கத்தைத் திருப்பினேன்.

நம் கார். கதவில் 38 என்று ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் வேறு எண் தருவார்கள், உனக்கே தெரியும். 38 செப்டம்பரில் அந்த ஒரு நாள்தான். இடது முன்சக்கரம் கழற்றித் தரையில் இருக்கிறது. சூட் போட்ட டன்னிங்லி அதன் பக்கத்தில் குந்தியிருக்கிறார், ஒரு கையில் ஸ்பானர். மறு கையை விரித்துக் காட்டுகிறார். அதில் நாலு நட்டு. நாலிலும் சிவப்பு. நீ பின்னால் நின்று அவர் தோளில் கை வைத்துச் சிரிக்கிறாய். அடியில் 'முதலாளியும் கை கொடுக்கிறார்!' என்று அச்சடித்திருக்கிறது.

டிக் கேட்காமல் நான் சிவப்பு வைத்ததில்லை. ஆக, நான் இறுக்கி, கோடு போட்டு முடித்த பிறகு கழற்றியிருக்கிறீர்கள். 'இல்லை' என்று ஒரு சொல்லில் எழுதினாயே, அந்தக் கடிதம் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

பன்னிரண்டாம் தேதிக் கட்டத்தில் 'கால் அளவு' என்று எழுதினேன். மறுபடி மார்ச்சுக்குத் திருப்பிவிட்டேன். "என்ன வில்ஃப், முகமே ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றாள் எட்னா. கரித் தூசி என்றேன்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி அவர்கள் பக்கத்தைத் திருப்புவார்கள். கோடு போட்ட கதையைப் பிண்டரிடம் சொல்லியிருக்கிறேன். பத்தொன்பது வருஷம் கொடி பிடித்த கண், அதற்கு விளக்கம் வேண்டாம். அதற்குள் நீ வந்து அவரிடம் சொல்லிவிடு. உன் அக்காவிடம் சொல்லிவிடு. கிளப்புக்கு ஒரு கடிதம் எழுது. நான் சொன்னால் அது தப்பிக்கப் பார்ப்பவன் பேச்சாகிவிடும். நீ சொன்னால்தான் என் பெயர் திரும்பி வரும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

வில்ஃப்


மெய்ட்ஸ்டன்
13 மார்ச் 1983

அத்தான்,

ஆமாம்.

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நீங்கள் அலுவலகத்துக்குப் போன கையோடு டன்னிங்லி ஒரு போட்டோக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன்தான், "சும்மா காருக்குப் பக்கத்துல நின்னா கல்யாண போட்டோ மாதிரி இருக்கும் சார், ஏதாவது வேலை செய்யற மாதிரி இருக்கணும்" என்றான். முதலாளி கோட்டைக்கூடக் கழற்றாமல் குந்திவிட்டார். "தம்பி, இதை எந்தப் பக்கம் திருகணும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானே கழற்றி நட்டுகளை அவர் கையில் வைத்தேன். மாட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? காரே அவருடையது.

படம் எடுத்து முடிப்பதற்குள் ஒலிபெருக்கியில் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். சக்கரத்தை மாட்டி, சாதாரண ஸ்பானரால் முடிந்தவரை இறுக்கினேன். உங்கள் ரெஞ்சு பெட்டிக்குள் இருந்தது, பெட்டிச் சாவி உங்களிடம். நீங்கள் வந்ததும் ஒரு டிக் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீங்கள் வரவில்லை. கோடு சேரவில்லை என்பதைப் பார்த்தேன் அத்தான். நட்டில் ஒரு பக்கம் சிவப்பு, சக்கரத்தில் வேறு பக்கம் சிவப்பு. பார்த்துவிட்டு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டேன்.

விசாரணையில் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் எழுந்து "நான்தான்" என்று சொல்லிவிட்டீர்கள். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அதன் பிறகு நாள் ஆக ஆக அது என்னால் முடியாததாகிவிட்டது. பிப்ரவரியில் நீங்கள் கேட்டபோது மறைத்தது தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது சொன்னால் என்ன ஆகும்? டன்னிங்லி அடுத்த நிமிஷமே காரைத் திருப்பி எடுத்துக்கொள்வார். கிளப் என் லைசென்ஸைப் பிடுங்கிவிடும். பிண்டருக்குக் கால் முளைக்கப் போகிறதா? அக்டோபரில் பந்தயங்கள் முடிந்துவிடும். அதுவரை பொறுங்கள். அன்றைக்கு நானே எல்லோரிடமும் சொல்கிறேன். பிண்டரை மட்டும் இந்த மாதமே நேரில் போய்ப் பார்க்கிறேன். என்னை நம்புங்கள்.

கிளைவ்


லவுத்
27 மார்ச் 1983

கிளைவ்,

நம்பினேன். முட்டாள்.

வியாழக்கிழமை நீ பிண்டர் வீட்டுக்கு வந்துபோனதாக எட்னா சொன்னாள். சொல்லிவிட்டான் என்று நினைத்தேன். அவள் முகம் பூரித்திருந்தது. "உங்க மச்சான் எவ்வளவு தங்கமான மனுஷன் வில்ஃப்! பெரிய பழக் கேக் கொண்டுவந்தாரு. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காந்து பேசினாரு. 'தினமும் ஊறுகாய் கம்பெனி பேரைப் பாத்தா உங்களுக்கு அந்த நாள் ஞாபகம் வருமே'ன்னு சொல்லி, அந்தக் காலண்டரை அவரே கழட்டிட்டு, ரயில் படம் போட்டது புதுசா மாட்டிட்டுப் போனாரு. யாருக்கு இப்படித் தோணும் சொல்லுங்க!"

யாருக்குத் தோணும்!

'கால் அளவு' என்று நான் எழுதிய கட்டம் அந்தக் காலண்டரில்தான் இருந்தது. அந்த மனிதனுடைய ஆஸ்பத்திரி நாளையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறாய். நீ அதைப் பார்த்திருக்கவும் மாட்டாய். புதியதில் நான் மறுபடி எழுதிவிட்டு வந்தேன்.

வில்ஃப்


மெய்ட்ஸ்டன்
29 மார்ச் 1983

அத்தான்,

திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர்கள் இரண்டு பேரும் நிம்மதியாக இருக்கிறார்கள். கேக்கை ரசித்துச் சாப்பிட்டார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? உங்களைப் பிண்டர் எப்போதோ மன்னித்துவிட்டார், அவரே என்னிடம் சொன்னார்.

திங்கள்கிழமைப் பந்தயத்துக்கு இரண்டு பாஸ் வைத்திருக்கிறேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். புதிய காரைப் பார்த்தால் உங்களுக்கே கை துறுதுறுக்கும். பழசை எல்லாம் மறந்துவிடுவோம். அதே அத்தான், அதே மச்சானாக இருப்போம்.

கிளைவ்


லவுத்
3 ஏப்ரல் 1983, ஈஸ்டர் ஞாயிறு

கிளைவ்,

இது உன் கைக்கு வரும்போது உன் பந்தயம் முடிந்திருக்கும். பாஸ் இரண்டும் இத்துடன் திரும்பி வருகின்றன.

டன்னிங்லி எத்தனை காலண்டர் அச்சடித்தார் என்று அவரிடம் கேட்டாயா? ஊறுகாய் வாங்குகிற கடை எல்லாவற்றுக்கும் ஒன்று போயிருக்கிறது. முடிவெட்டும் கடையில்கூட இருக்கிறது. இந்த மாவட்டம் முழுக்க ரயில் படம் மாட்டிக்கொண்டு போக உனக்கு எத்தனை கேக் வேண்டும்?

வெள்ளிக்கிழமை, முதல் தேதி, புனித வெள்ளி. ஊரே மீன் வறுவல் கடையில் வரிசையில் நின்றது. உன் அக்காவும் போனாள். ஒரு மணி நேரம் கழித்து மீன் இல்லாமல் வந்தாள். கையில் ஒரு தாள் மட்டும் சுருட்டி வைத்திருந்தாள். கடைக்காரர் தலைக்கு மேலே தொங்கியதைக் கேட்டு வாங்கிக் கிழித்து வந்திருக்கிறாள். மீன் கடை வினிகர் வாசனை அடித்தது. அதை மேசையில் விரித்தாள். மாடிக்குப் போய்த் தன் நெயில் பாலிஷ் பாட்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னோடதுதானே?"

"ஆமா."

"உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"நாலு வாரமா."

"அவனுக்கு?"

அவள் தாளின் மேல் கையை வைத்து, உன் சிரித்த முகத்தை மூடினாள். "நான் கராஜுக்குப் போனேனே வில்ஃப்" என்று மட்டும் சொன்னாள்.

நேற்றுக் காலை கார் சாவியை என்னிடம் நீட்டினாள். "ஸ்கெக்னஸ் வரைக்கும் போய்க் கடலைப் பாத்துட்டு வரலாம். அதுக்கு முன்னாடி சக்கரத்தை ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்றாள். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்து ரெஞ்சை வெளியே எடுத்தேன். பதினாறு டிக். பதினாறு கோடு. ரெஞ்சைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பிறகு திறந்தேன். மறுபடி முதல் நட்டிலிருந்து பார்த்தேன். மூன்றாவது முறை பார்க்கும்போது அவள் காருக்குள் உட்கார்ந்து பெல்ட் போட்டிருந்தாள். "வாங்க வில்ஃப், எனக்குப் பயமில்ல" என்றாள். இன்னும் ஒரு தடவை என்றேன். ஐந்தாவது தடவையில் அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கி, என் கையிலிருந்து ரெஞ்சை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் கடலைப் பார்க்கவில்லை.

நான் செய்யவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை. அதை நீ அக்டோபரில் சொன்னாலும் இன்றைக்கே சொன்னாலும் திருப்பித் தர முடியாது. இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன், திட்டுவதற்காக இல்லை.

இன்று காலை அவளே அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பிண்டர் வீட்டுக்கு என்னோடு வந்தாள். பிண்டர் படத்தைப் பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், எட்டத்தில் வைத்துப் பார்த்தார். உன்னைப் பற்றியோ டன்னிங்லியைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. என்னைத்தான் பார்த்தார். "அப்போ நீங்க இனிமே ஞாயித்துக்கிழமை வர மாட்டீங்களா?" என்றார்.

வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னுடைய இரண்டு கடிதங்களையும், 'இல்லை' என்றதையும் 'ஆமாம்' என்றதையும், மேவிஸ் கேட்டு வாங்கிக்கொண்டாள். கிளப்புக்கு அனுப்புவாளா, வைத்துக்கொள்வாளா, நான் கேட்கவில்லை.

இனி டிப்போவுக்கு எழுதாதே. எனக்கு எதுவும் எழுதாதே. ஏதாவது சொல்வதற்கு இருந்தால் வீட்டுக்குப் போன் பண்ணு.

அக்காதான் எடுப்பாள்.

வில்ஃப்